கேஸ் எங்கே போகுது?

இந்த வாரக் கதை எங்க ஊர் பூரணாங்குப்பத்துல, ஒரு மெக்கானிக் ஷெட்டுல ஆரம்பிக்குது.

என் பழைய காருல மூணு வருஷமா சித்திரை பிறந்தா ஏசி சூடாத்தான் ஊதும். ரோட்டுக்கு வந்து ஒரு கடையில விடுவேன். "கேஸ் இறங்கிடுச்சு சார்"னு சொல்லி ஏத்தி அனுப்புவாங்க. நானும் காசு கொடுத்துட்டு வந்துடுவேன். இந்தத் தடவை உள்ளூர்த் தம்பி ஒருத்தர்கிட்ட போனேன். ஏத்த மாட்டேன்னுட்டார். "கேஸ் என்ன பெட்ரோலாண்ணே, செலவாகுறதுக்கு? உள்ளேயே சுத்தி வர்றது. குறைஞ்சா எங்கியோ லீக்கு இருக்கு. அதைப் பாக்காம ஊத்தி என்ன பண்றது?"

முதல்ல இணைப்புகள்ல எண்ணெய்ப் பிசுக்கு தேடினார். கம்ப்ரசர் எண்ணெயும் கேஸோட சேர்ந்துதான் ஓடும். கேஸ் கசியற இடத்துல எண்ணெயும் கசிஞ்சு தூசி ஒட்டியிருக்கும். அங்கே ஒண்ணும் இல்லை. சோப்பு நுரை தடவினார், குமிழி வரல. கடைசியா ஒரு சாயத்தை உள்ளே விட்டு, "நாலு நாள் ஓட்டிட்டு வாங்க"ன்னார். திரும்பிப் போனப்ப புறஊதா விளக்கை அடிச்சா, கண்டென்சரோட கீழ் மூலையில பச்சையா ஒளிருது. அலுமினியத்தை உப்புக்காத்து அரிச்சிருக்கு. கடல் கிட்ட இருக்கிற ஊர்ல இது புதுசில்லை.

இந்தக் கேஸுக்கு மணம் கிடையாது. அதுலதான் பாதி வரலாறு இருக்கு. ஆரம்ப காலக் குளிர்பதனப் பெட்டிகள்ல அமோனியாவும் சல்ஃபர் டையாக்சைடும் இருந்துச்சு. கசிஞ்சா மூக்கே சொல்லிடும், சில சமயம் ஆளையே கொல்லும். 1930 வாக்குல தாமஸ் மிட்ஜ்லி குழு கொண்டு வந்த ஆர்-12 எரியாது, விஷமில்லை, நாறாது. வீட்டு ஃபிரிட்ஜ்ல, அப்புறம் கார்ல எல்லாம் அதுவே வந்துச்சு. கசிஞ்சா தெரியணுமே? அதுக்கு ஒரு விளக்கு வச்சிருந்தாங்க. தீயில சூடான செம்புத் தகடு மேல அந்தக் கேஸ் பட்டா, தீ பச்சையா மாறும். பட்டறைக்காரங்க பல வருஷம் அந்தப் பச்சைத் தீயை நம்பித்தான் வேலை பார்த்தாங்க. ஓட்டையை அடைச்சாச்சு, பில்லு போட்டாச்சு. ஓடிப்போன கேஸ் எங்கே போச்சுன்னு யாரும் கேக்கல.

இங்கேதான் நம்ம கடலூர் ரோடு வருது. அந்த ரோட்டுல தெற்கே போனா சிதம்பரம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1965-ல அங்கே பொறியியல் முடிச்சவர் வீரபத்ரன் ராமநாதன். முதல் வேலை செகந்திராபாத்ல ஒரு குளிர்பதனக் கம்பெனியில. ஃபிரிட்ஜ்ல இருந்து கேஸ் ஏன் கசியுதுன்னு கண்டுபிடிக்கணும். அதை அவரே பேட்டிகள்ல சொல்லியிருக்கார். நம்ம தம்பி பார்த்த அதே வேலைதான், வண்டிக்குப் பதிலா பெட்டி.

அப்புறம் பெங்களூர் ஐஐஎஸ்சி, 1970-ல அமெரிக்கா. அங்கே படிச்சது கிரகங்களோட வளிமண்டலம், ஃபிரிட்ஜுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. 1974-ல மொலினாவும் ரோலண்டும் இந்த வகைக் கேஸ்கள் மேலே போய் ஓசோனைத் தின்னும்னு எழுதினாங்க. ராமநாதனுக்குப் பழைய வேலை ஞாபகம் வந்திருக்கும்னு நினைக்கிறேன். ஓசோன் இருக்கட்டும், இது வெப்பத்தைப் பிடிச்சு வைக்குமான்னு கணக்குப் போட்டார். 1975-ல 'சயின்ஸ்' இதழ்ல கட்டுரை வந்துச்சு. கரியமில வாயுவை விடப் பல ஆயிரம் மடங்கு பிடிச்சு வைக்குது. புவி வெப்பம்னா கரியமில வாயு மட்டும்தான்னு இருந்த எண்ணம் அதோட மாறிப்போச்சு.

1987-ல மாண்ட்ரியல் ஒப்பந்தம். ஏழை நாடுகள் மாறுறதுக்குப் பணம் யார் தர்றதுன்னு இந்தியா சண்டை போட்டு, 1990 லண்டன் கூட்டத்துல நிதி உருவானதுக்கு அப்புறம், 1992-ல சேர்ந்துச்சு. அந்தச் சண்டை நியாயம்னுதான் எனக்குத் தோணுது. ஓட்டை போட்டது வேற ஆளுங்க. 2010-க்குள்ள ஆர்-12 மாதிரிக் கேஸ்களை இங்கே நிறுத்திட்டாங்க. கார்ல ஆர்-134ஏ வந்துச்சு. அதுல குளோரின் இல்லை, அதனால ஓசோனுக்குக் கேடில்லை. பழைய பச்சைத் தீயும் அதைக் கண்டுபிடிக்காது. எலக்ட்ரானிக் கருவி, சாயம்னு மாற வேண்டியதாச்சு.

ஆனா வெப்பம் பிடிக்கிற குணம் போகல. நூறு வருஷக் கணக்குல கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு. சின்ன கார்ல அரைக் கிலோ இருக்கும்னு வைங்க. அது முழுசா ஓடிப்போனா 700 கிலோவுக்கு மேல. ஏறக்குறைய 300 லிட்டர் பெட்ரோல் எரிச்சதுக்குச் சமம். நான் அதை மூணு வருஷமா காசு கொடுத்து ஏத்தி, காத்துல விட்டிருக்கேன்.

கண்டென்சரை மாத்திட்டு, தம்பி நைட்ரஜன் அடிச்சுப் பார்த்தார். அப்புறம் வெற்றிடம் இழுத்து, மீட்டரை விட்டுட்டு டீ குடிக்கப் போனோம். போற வழியில ராமநாதன் கதையைச் சொன்னேன். "அண்ணாமலையா? நம்ம ரோடுதாண்ணே"ன்னார். அரை மணி கழிச்சு வந்து பார்த்தா முள்ளு அசையவே இல்லை. அதுக்கப்புறம்தான் கேஸ் சிலிண்டரைத் தூக்கினார்.