நகர்ந்துகொண்டே இருக்கும் நினைவு: ஆப்பிள்-1 திரைச்சுற்றின் கதை

கணினியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கணக்கிடும் வேகத்தையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். கணக்கிட்டதைக் கண்ணுக்குக் காட்டிய சுற்றுகளுக்கு ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. பழைய கணினி ஒன்றைப் பழுதுபார்க்க அமர்பவருக்கோ திரைதான் முதல் சாட்சி. இதற்கு 1976-இல் வெளிவந்த ஆப்பிள்-1 நல்ல எடுத்துக்காட்டு.

1975 ஜனவரியில் அறிமுகமான ஆல்டேர் கணினியின் முகப்பில் விளக்குகளும் விசைகளுமே இருந்தன. எழுத்தில் விடை வேண்டுமென்றால் நொடிக்குப் 10 எழுத்து அச்சடிக்கும் டெலிடைப் எந்திரத்தை நாடவேண்டும்; அதன் விலையோ அதிகம். வீட்டுத் தொலைக்காட்சியில் எழுத்துகளைக் காட்ட முடியும் என்பதை டான் லங்காஸ்டர் 1973 செப்டம்பரில் ‘ரேடியோ எலக்ட்ரானிக்ஸ்’ இதழில் விளக்கியிருந்தார். ஸ்டீவ் வாஸ்னியாக்கும் அத்தகைய முனையம் ஒன்றை வடிவமைத்து, பின்னர் 6502 செயலியை அதனோடு ஒரே பலகையில் சேர்த்தார். ஆகவே ஆப்பிள்-1 உண்மையில் இரண்டு கருவிகள். செயலி திரையின் நினைவகத்தைத் தொடுவதே இல்லை; எழுத்தை ஒவ்வொன்றாக முனையத்திடம் ஒப்படைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும்.

அந்த முனையத்தின் நினைவகம் விசித்திரமானது. 1024 துண்டுகள் கொள்ளும் ‘ஷிஃப்ட் ரெஜிஸ்டர்’ சில்லுகள் ஏழு. ஒவ்வொரு துண்டும் சிறு மின்னூட்டமாக நிற்கிறது, நின்றால் கசிந்துவிடும். எனவே கடிகாரத் துடிப்புக்கேற்ப எல்லாத் துண்டுகளும் வரிசையாக நகர்ந்து, கடைசியில் வந்தது மீண்டும் முதலில் நுழைந்து, சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். கேம்பிரிட்ஜில் 1949-இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினி பாதரசக் குழாய்களில் ஒலியலையைச் சுற்றவிட்டு நினைவில் வைத்ததும் இதே தத்துவம்தான். 40 எழுத்து வீதம் 24 வரிகள், ஆக 960 எழுத்துகள் இப்படிச் சுற்றின. ஒரு சுற்றுக்கு ஓர் எழுத்தே புதிதாக ஏறும், நொடிக்கு 60. முழுத் திரையும் நிரம்ப 16 நொடிகள்.

இந்த அமைப்பை அறிந்தவருக்குப் பழுதே எழுத்துவடிவில் படிக்கக் கிடைக்கிறது. மின்சாரம் கொடுத்ததும் திரை நிறையப் பொருளற்ற குறிகள் தோன்றினால் அது பழுதன்று, நற்செய்தி. துடைக்கும் விசையை அழுத்தினால் போய்விடும். படம் நிலைகொள்ளாமல் உருண்டால் ஒத்திசைவுக் குறிப்புகளைத் தேடவேண்டும், அவையெல்லாம் 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகத்திலிருந்து பிறப்பவை. படம் நிலையாக நின்றும் எழுத்தே இல்லையென்றால், மின்னழுத்தங்களைச் சரிபார்த்தபின் ஏழு சில்லுகளுக்கும் துடிப்பு தரும் இயக்கியை அலைகாட்டியால் பார்க்கவேண்டும். அது ஓய்ந்தால் எல்லாம் ஒருசேர மறந்துபோகும்.

எழுத்துகள் வந்தும் தவறாக வந்தால் இன்னும் சுவையானது. ஆங்கில நெடுங்கணக்கின் ஏ, பி, சி ஆகியவற்றுக்கு 1, 2, 3 என்பவையே எண்கள். ஒற்றை இரட்டையைக் காட்டும் கடைசித் துண்டு சுழியிலேயே சிக்கிக்கொண்டால் மூன்றாம் எழுத்து இரண்டாம் எழுத்தாகத் தோன்றும். இரண்டாம் எழுத்தோ மாறாது. ஒன்றிலேயே சிக்கினால் இரண்டாவது மூன்றாவதாகும். எந்தெந்த எழுத்து எதுவாகத் திரிந்தது என்று எழுதிப் பார்த்தாலே பழுது எந்தத் துண்டின் பாதையில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். பிறகு ஐயத்துக்குரிய சில்லைப் பக்கத்துச் சில்லோடு இடம்மாற்ற வேண்டும். பிழையும் கூடவே இடம்பெயர்ந்தால் குற்றவாளி அதுவே.

ஏழாவது சில்லுதான் மிகவும் ஏமாற்றுவது. அடுத்த எழுத்து எங்கே விழவேண்டும் என்று சொல்லும் கர்சர் அதில் மட்டுமே சுற்றுகிறது. அது தொலைந்தால் முனையம் எந்த எழுத்தையும் ஏற்காது. முனையத்தின் இசைவுக்காகக் காத்திருக்கும் செயலியும் முடிவின்றிக் காத்துக் கிடக்கும். செயலி செத்துவிட்டது என்று முடிவுகட்டுகிறோம்; அதுவோ கைகட்டி நிற்கிறது.

இங்கேதான் சிக்கல். 666.66 டாலருக்கு விற்கப்பட்ட இந்தப் பலகைகளில் செய்யப்பட்டவை சுமார் 200 மட்டுமே. இயங்கும் ஆப்பிள்-1 ஒன்றை ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 2014 அக்டோபரில் 9,05,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. விலை இப்படி ஏறும்போது, ‘எப்படியாவது எரியவை’ என்ற அவசரமும் ஏறுகிறது. ஐயத்துக்குரிய சில்லுகளையெல்லாம் மொத்தமாகப் பிடுங்கிப் புதியவற்றைச் செருகினால் திரை ஒளிரக்கூடும். ஆனால் எந்தச் சில்லு எப்போது தயாரானது, முதலில் பொருத்தியது எது என்பதற்கான சான்றும் அதோடு போய்விடும். ஓலைச்சுவடியின் சிதைந்த ஏட்டைப் புதிதாக எழுதிச் சேர்த்துவிட்டுப் பழையதை எறிபவரை நாம் பதிப்பாசிரியர் என்று சொல்வதில்லை. பழுதை முதலில் படித்து, ஒரே ஒரு சில்லை மாற்றி, எடுத்ததைக் குறிப்பெழுதிப் பலகையோடு சேர்த்து வைப்பவரே இந்த எந்திரத்தின் நல்ல பதிப்பாசிரியர்.