பிரம்பும் பானையும்

மாதா, பிதா, குரு, தெய்வம் என்று வரிசை வகுத்து, தெய்வத்துக்கும் முன்னால் ஆசிரியரை நிறுத்திய நாடு இது. நல்லாசிரியன் யார், நல்மாணாக்கன் யார் என்று நன்னூல் இலக்கணமே வகுத்தது. ஆனால் ஏட்டில் இருந்த இலக்கணம் வேறு. திண்ணையில் நடந்த பாடம் வேறு. தன் முன்னே அமர்ந்த பிள்ளையை ஆசிரியர் எந்தக் கண்கொண்டு நோக்கினார்? அந்த நோக்கு அறிவை வளர்த்ததா, அழித்ததா? தென்னார்க்காட்டு மண்ணில் இந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது.

முதலில் பிரம்பைப் பார்ப்போம். சென்னை மாகாணத்தின் பள்ளிகளைக் கணக்கெடுக்க 1822-இல் ஆளுநர் தாமஸ் மன்றோ ஆணையிட்டார். அதற்குப் பல்லாரி ஆட்சியர் காம்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கையில் ஒரு காட்சி பதிவாகியிருக்கிறது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவனுக்குச் சுழி. மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அடுத்து வருவோருக்கு ஒவ்வோர் அடி கூடும். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளும் இதற்கு இளைத்தவையல்ல. விட்டத்துக் கயிற்றில் பிள்ளையைத் தொங்கவிடும் ‘கோதண்டம்’ என்ற தண்டனையை அந்தத் தலைமுறையினர் எழுதிவைத்திருக்கிறார்கள்.

கலைமகள் பெயர் ஒருவன் கையில். பிரம்பின் தழும்பு மற்றவர் கையில்! அந்தப் பிள்ளைகள் படித்தது எழுத்தை மட்டுமா? அச்சத்தையும் சேர்த்தன்றோ படித்தனர்! அஞ்சியவன் மனப்பாடம் செய்வான், கேள்வி கேட்கமாட்டான். கேள்வி கேளாதவன் ஏட்டைச் சுமப்பான், அறிவைப் பெறமாட்டான்.

அந்தப் பிரம்படி பெறுவதற்கும் ‘தகுதி’ வேண்டியிருந்தது என்பதுதான் கொடுமையிலும் கொடுமை. சேரிப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் திண்ணையின் நிழலே எட்டாக்கனி. பின்னர் அரசுப் பள்ளிகள் வந்தன, கதவு திறந்தது. மனம் திறந்ததா?

காட்டுமன்னார்கோயில் சொல்லட்டும். அங்கே 1924-இல் பிறந்தவர் எல். இளையபெருமாள். அவர் படித்த பள்ளியில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் குடிப்பதற்குத் தனிப் பானை வைத்திருந்தார்கள். சிறுவன் இளையபெருமாள் அந்தப் பானையை உடைத்தார். ‘நீ வேறு, அவன் வேறு’ என்பதே பிள்ளைகளின் கண்ணெதிரே நாள்தோறும் அந்தப் பானை நடத்திய பாடம். கரும்பலகையில் எழுதியதை அழித்துவிடலாம். பானையில் எழுதிய பாடத்தை உடைத்துத்தான் அழிக்க வேண்டியிருந்தது! பானையை உடைத்த சிறுவன் நாடாளுமன்ற உறுப்பினரானார். தீண்டாமை குறித்து ஆராய 1965-இல் அமைந்த அனைத்திந்தியக் குழுவுக்குத் தலைவரானார். 1969-இல் அறிக்கை அளித்தார். அப்படிப்பட்ட ஒருவருக்குத்தான் தனிப் பானை வைத்திருந்தது அந்தப் பள்ளி. உடைக்கத் துணியாமல் தலைகுனிந்து வெளியேறிய பிள்ளைகள் எத்தனை பேரோ!

இனி, சிதம்பரத்துக்கு வாருங்கள். ஆரணிக்கு அருகே தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்றில் 1890-இல் முனுசாமியாகப் பிறந்து, துறவியாகி, சகஜானந்தர் எனப் பெயர் பெற்றவர் 1916-இல் அந்நகரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பள்ளிக்கு அவர் வைத்த பெயர் நந்தனார். தில்லைக்கு வந்த நந்தன் தீயில் மூழ்கி எழுந்த பிறகே கோயிலுக்குள் புக முடிந்தது என்கிறது புராணம். ‘உன் பிறப்பைச் சுட்டெரித்துவிட்டு உள்ளே வா’ என்றது கோயில். ‘இருக்கிறபடியே உள்ளே வா, உட்கார், படி’ என்றது சகஜானந்தரின் பள்ளி. இரண்டு வாசல்களுக்கும் இடையே உள்ள வேற்றுமை இவ்வளவுதான். ஆனால் இது எவ்வளவு பெரிய வேற்றுமை!

சகஜானந்தர் காவி உடுத்தியவர், சைவப் பற்றாளர். அவருடைய பக்தி நம் வழியன்று. ஆயினும் பகுத்தறிவாளன் உடையை எடைபோடமாட்டான், வினையையே எடைபோடுவான். சேரிப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று ஊர் அடித்துச் சொன்ன காலத்தில், ஏறும் என்று நம்பி ஏட்டைக் கையில் கொடுத்தார் அவர். பள்ளியோடு விடுதியும் வளர்ந்தது. 1959-இல் அவர் மறையும்வரை, சட்டமன்றத்திலும் அந்தப் பிள்ளைகளுக்காகவே குரல் கொடுத்தார். அந்தப் பள்ளியில் படித்து முன்னேறியவர்களின் மூளை புதிதாகச் செய்யப்பட்டதா? இல்லை. மாறியது ஆசிரியரின் கண் ஒன்றே.

தகப்பன் தொழிலே பிள்ளைக்குப் போதும் என்ற பழைய கண் அத்துடன் மூடிவிடவில்லை. 1953-இல் அது அரசாங்கத் திட்டமாகவே வந்தது. அரை நாள் பள்ளி, அரை நாள் குலத்தொழில் என்றார் ராஜாஜி. தமிழகம் கொதித்தெழுந்தது, 1954-இல் காமராசர் ஆட்சியில் அந்தத் திட்டம் ஒழிந்தது.

ஆசிரியரின் எண்ணத்துக்கு இவ்வளவு ஆற்றல் உண்டா என்று ஐயுறுவோர் அமெரிக்காவைப் பார்க்கட்டும். ரோசன்தால், ஜேக்கப்சன் என்னும் ஆய்வாளர் இருவர் கலிபோர்னியாவின் ஒரு தொடக்கப் பள்ளியில் நடத்திய சோதனை 1968-இல் நூலாக வெளிவந்தது. மாணவரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரைக் குலுக்கல் முறையில் பொறுக்கியெடுத்து, ‘இவர்கள் இவ்வாண்டு நன்கு மலர்வார்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில், கீழ் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவரைவிட முன்னேறியிருந்தார்கள். அந்த முன்னேற்றத்தின் அளவைப் பற்றி அறிஞர்களிடையே வாதம் உண்டு. ஆசிரியரின் எதிர்பார்ப்பு மாணவனைத் தொடும் என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் உறுதி செய்தன. அங்கே குலுக்கல் செய்த வேலையை இங்கே சாதி செய்தது. ‘இவன் தேறுவான்’, ‘இவன் தேறமாட்டான்’ என்ற சீட்டைப் பிள்ளை பிறக்கும்போதே அது எழுதிவைத்தது.

‘கண்டிப்பு வேண்டாமா?’ என்பார் சிலர். வேண்டும். கண்டிப்பு பிள்ளையின் தவற்றைத் திருத்துவது. இழிவோ பிள்ளையையே ஒடிப்பது. தவற்றைத் திருத்தக் கரும்பலகை போதும். சாதிப்பெயர் எதற்கு, பிரம்பு எதற்கு?

பள்ளியில் உடலை வருத்தும் தண்டனையையும் உள்ளத்தை வருத்தும் கொடுமையையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துவிட்டது. 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவன் சாதி வெறியால் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதியைக் களையும் வழிகளை 2024-இல் பரிந்துரைத்தது. சட்டம் கையிலிருக்கும் பிரம்பைப் பறிக்கும். நாவிலிருக்கும் பிரம்பை யார் பறிப்பது?

இளைஞர்களே, உங்களில் பலர் நாளை ஆசிரியராவீர்கள். இன்னும் பலர் தெருவில் மாலை வகுப்பு நடத்துவீர்கள். வகுப்பறைக்குள் நுழையும்போது உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதைவிட, கண்ணில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடைசி வரிசையில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பெயர் சொல்லி அழையுங்கள். பானை உடைந்துவிட்டது, பிரம்பு ஒடிந்துவிட்டது. எஞ்சியிருப்பது பார்வை. அதையும் மாற்றுவோம்!