கேஜ் வீல் கழற்றி மாட்டும்போது சக்கர நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும்?

திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பருவங்களில் நெல் சாகுபடி நடக்கிறது. ஒவ்வொரு சேற்றுழவுக்கும் டிராக்டரில் கேஜ் வீல் ஏறும், முடிந்ததும் இறங்கும். கேஜ் வீலோடு தார் சாலையில் ஓட்டக்கூடாது என்பதால் டயரைக் கழற்றி முழு கேஜ் வீல் மாட்டுபவர்கள் வயலோரத்திலேயே மாற்றிக்கொள்கிறார்கள். பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கம் வாடகைக்கு உழும் வண்டிகளில் ஒரே நட்டுகள் பருவத்துக்குப் பலமுறை கழற்றி மாட்டப்படுகின்றன. அதே வண்டி அடுத்த வாரம் டிரெய்லரோடு கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையில், சிப்காட் லாரிகளுக்கு நடுவே போகும். நட்டு தளர்ந்திருந்தால் ஆபத்து வயலில் அல்ல, அங்கேதான்.

நம்மில் பலர் ஸ்பேனரில் காலை வைத்து ஏறி நின்று இறுக்குகிறோம். 70 கிலோ எடையுள்ளவர் அரை மீட்டர் நீளக் கம்பியின் முனையில் நின்றால் நட்டின் மேல் விழுவது 35 கிலோ மீட்டர் முறுக்குவிசை, அதாவது சுமார் 343 நியூட்டன் மீட்டர். வீட்டில் நிற்கும் சிறிய காரின் சக்கர நட்டுக்குத் தேவை பெரும்பாலும் 80 முதல் 120 வரைதான். அதே காலை அங்கேயும் வைத்தால் போல்ட் இழுபட்டு மரை கெடும். டிராக்டரில் முன்சக்கரத்துக்கு ஒரு அளவு, பின்சக்கரத்துக்கு வேறு அளவு. மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் வண்டியோடு வந்த கையேட்டைப் பார்ப்பதே சரி.

'எனக்குக் கைப்பக்குவம் தெரியும்' என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் கொடுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துச் சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிறது. மீதி, மரையிலும் நட்டின் அடியிலும் உராய்விலேயே போய்விடுகிறது. சேறும் துருவும் ஏறிய நட்டு கைக்கு இறுக்கமாகத் தெரியும், பிடிப்பு இருக்காது. எண்ணெய் தடவிய நட்டு லேசாகத் திரும்பும், அளவுக்கு மீறி இறுகிவிடும். எனவே கம்பி பிரஷால் மரையைத் துடைத்து, உலர்ந்த நிலையில் மாட்டுங்கள். கையேடு சொன்னால் மட்டும் எண்ணெய் தடவலாம்.

கைப்பக்குவம் எங்குமே உதவாது என்பதல்ல. பானெட், மட்கார்டு போல்ட்டுகளுக்கு அது போதும். சிறிய ஸ்பேனரைக் குட்டையாகச் செய்திருப்பதே அளவு மீறக்கூடாது என்பதற்காகத்தான். அதில் பைப்பைச் செருகாதீர்கள். இன்ஜின் ஹெட் போல்ட்டுகளை மட்டும் எவ்வளவு அனுபவம் இருந்தாலும் கையளவில் இறுக்கக்கூடாது.

அளவுக்கு டார்க் ரெஞ்ச் உண்டு. வேண்டிய எண்ணை வைத்து இறுக்கினால் அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும். அதோடு நிறுத்த வேண்டும். இன்னொரு இழுப்பு கூடாது. அதை வைத்து நட்டைக் கழற்றவும் கூடாது. வேலை முடிந்ததும் எண்ணைக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள், இல்லையென்றால் உள்ளே ஸ்பிரிங் தளரும். ஆளுக்கொன்று வாங்க வேண்டியதில்லை. நான்கைந்து டிராக்டர்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். வாங்கும் முன் உங்கள் பின்சக்கரத்தின் அளவு வரை அது எட்டுமா என்று பாருங்கள். காருக்கு விற்பது பல நேரம் எட்டாது.

அதுவரை காய்கறி நிறுக்கும் தொங்கு தராசு கைகொடுக்கும். ஸ்பேனரில் பைப்பைச் செருகி, நட்டின் நடுவிலிருந்து சரியாக ஒரு மீட்டரில் தராசுக் கொக்கியை மாட்டுங்கள். பைப் செங்குத்தாக நிற்கட்டும், அப்போது பைப்பின் எடை கணக்கில் சேராது. தராசைப் பக்கவாட்டில், பைப்புக்குச் செங்கோணமாக இழுங்கள். தராசு 25 கிலோ காட்டினால் 25 கிலோ மீட்டர், சுமார் 245 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் அளவுக்குத் துல்லியம் வராது. ஆனால் காலால் மிதிப்பதைவிட எவ்வளவோ மேல்.

ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே ஒட்டிய சேற்றை முதலில் சுரண்டிவிடுங்கள். அது காய்ந்து உதிர்ந்தால் நட்டு தானாகத் தளரும். ஜாக்கியில் நிற்கும்போது எல்லா நட்டையும் லேசாகப் பிடிக்க வைத்து, சக்கரம் தரையில் இறங்கிய பிறகு முழு அளவுக்கு இறுக்குங்கள். வரிசையாக அல்ல, எதிரெதிராக. ஒரு மணி நேரம் ஓட்டியதும் மறுபடி சரிபாருங்கள்.

இறுக்கிய நட்டுக்கும் ரிம்முக்கும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுவது தொழிற்சாலைகளில் வழக்கம். உங்கள் வீட்டில் யாராவது சிப்காட்டில் வேலை பார்த்தால் கேளுங்கள், காட்டுவார். தினமும் வண்டி எடுக்கும் முன் ஒரு பார்வை போதும்: கோடு விலகியிருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது. ஒரே நட்டு மறுபடி மறுபடி விலகினால் இறுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். மரை போயிருக்கும், அல்லது ரிம்மின் துளை அகன்றிருக்கும். போல்ட்டையும் நட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். புதியதிலும் அதே எண் இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.