பலாலியும் திருச்சியும்: ஒரு வான்வழியின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பலாலி விமான நிலையத்திலிருந்து திருச்சிராப்பள்ளி நேர்கோட்டில் சுமார் 185 கிலோமீட்டர். கொழும்பை அடுத்த இரத்மலானை சுமார் 330, சென்னை சுமார் 355. தன் நாட்டின் பெருநகரைவிடத் திருச்சியே குடாநாட்டுக்குக் கிட்ட இருக்கிறது. விமானம் வடமேற்கே திரும்பினால் பாதித் தூரம் பாக்கு நீரிணை, மீதி காவிரி நாட்டு நிலம். ஆனாலும் இந்தச் சிறு தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் காலந்தோறும் அரசியலும் போருமே தீர்மானித்துள்ளன.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படைக்காக அமைக்கப்பட்டது. 1947 டிசம்பர் 10 அன்று, இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன், எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது பயணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குப் பறந்தது. ‘சீதாதேவி’ என்ற அந்த டக்கோட்டா மணிக்கு 270 கிலோமீட்டர் அளவில் செல்லும் வகை. தேசிய விமான சேவையின் முதல் பயணத்திலேயே யாழ்ப்பாணம் ஒரு தரிப்பிடமாக இருந்தது என்பது நினைவில் வைக்க வேண்டிய செய்தி. பின்னர் திருச்சிக்கும் சேவை நடந்தது. அதன் அருமை மாற்று வழியைப் பார்த்தால் விளங்கும். தலைமன்னாரில் கப்பலேற விரும்பிய யாழ்ப்பாணத்தவர், வடக்கேயுள்ள தமிழகத்துக்குப் போக முதலில் தெற்கே மதவாச்சி வரை ரயிலில் சென்று, அங்கே வண்டி மாற வேண்டியிருந்தது.

1978 செப்டெம்பர் 7 அன்று, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரத்மலானையில் தரித்து நின்ற எயார் சிலோனின் அவ்ரோ விமானம் குண்டுவெடிப்பில் அழிந்தது. அந்நிறுவனமும் விரைவில் மூடப்பட்டது. போர் மூண்டபின் பலாலி படைத்தளமாகியது. 1990இல் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். கொழும்புக்கான உள்நாட்டுச் சேவைகள் இடையிடையே நடந்தாலும் அவையும் ஆபத்தானவையே. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கிப் புறப்பட்ட லயன் எயார் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர்.

அக்காலத்தில் திருச்சிக்குப் போக விரும்பியவர், பாதை திறந்திருந்தால், தரைவழியே 350 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இறங்கிக் கட்டுநாயக்காவை அடைந்து, அங்கிருந்து மீண்டும் 415 கிலோமீட்டர் வடக்கே பறக்க வேண்டும். 185 கிலோமீட்டர்ப் பயணம் நான்கு மடங்காகியது. சோதனைச் சாவடிகளில் காத்திருந்த நேரம் இதில் சேராது.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னைச் சேவை அந்த நவம்பரில் தொடங்கி, கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பர் 12 அன்று மீண்டது. 2025 மார்ச் 30இல் இண்டிகோ திருச்சிச் சேவையைத் தொடங்கியது. அதில் பறக்கும் ஏடிஆர் 72 மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் எட்டக்கூடியது. ஆயினும் கால அட்டவணை ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒதுக்குகிறது. தரையில் ஊர்வது, மேலெழுவது, இறங்க வரிசை பிடிப்பது ஆகியவை குறுந்தூரப் பயணத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே இந்த வழியில் பெரிய ஜெட் விமானம் வந்தாலும் மிச்சமாகும் நேரம் சொற்பமே.

பயன்பாட்டிலுள்ள ஓடுபாதை சுமார் 1,400 மீட்டர் மட்டுமே என்பதால் இப்போதைக்கு இத்தகைய சிறு விமானங்களே வரமுடியும். அதை நீட்டுவது அவசியம். நீட்டும்போது 1990இல் அங்கிருந்து வெளியேறியவர்களின் காணி உரிமைக்கும் உரிய தீர்வு கிடைக்க வேண்டும்.