கேமரன் மலையின் வெளிச்சத்தைக் கணினியில் வரைவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

"நல்லா இருக்கு. ஆனா இது நம்ம ஊரு மாதிரி இல்லையே."

கோலா தெர்லாவில் பிறந்து வளர்ந்த ஒரு தாத்தாவிடம், நீங்கள் மூன்று நாள் உட்கார்ந்து டேப்லெட்டில் வரைந்த தேயிலைத் தோட்டத்தைக் காட்டினால் இப்படி ஒரு பதில் வரலாம். மலை இருக்கிறது, செடி இருக்கிறது, பனிமூட்டமும் இருக்கிறது. பிறகு எதுதான் இல்லை?

பெரும்பாலும் விடுபடுவது வெளிச்சம்தான். படம் உருவாக்கும் செயலியிடம் கேட்டாலும் இதே கதை. மூணாறையும் டார்ஜிலிங்கையும் கலந்து ஒரு பொதுவான தேயிலை மலை வரும். அதிர்ஷ்டம் இல்லையென்றால் பின்னால் ஒரு பனிச்சிகரமும் எட்டிப் பார்க்கும். தீபகற்ப மலேசியாவில் பனிச்சிகரமா!

1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலை நிறுவனத்தைத் தொடங்கியது முதல், இந்த மலைச்சரிவுகளில் தமிழ்த் தொழிலாளர்களின் தலைமுறைகள் உழைத்திருக்கின்றன. இன்று தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பலர் வெளிநாட்டவர். பழைய லயத்து வாழ்க்கைக்குப் பல குடும்பங்களில் ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. அதை வரைந்து வைக்க நினைக்கும் இளைஞருக்கு, இது வெறும் மென்பொருள் பிரச்னை அல்ல.

சூரியன் எங்கே நிற்கிறது?

முதல் தவறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. இணையத்தில் நீங்கள் பார்க்கும் பாடங்களில் பல, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவர்கள் செய்தவை. லண்டனில் டிசம்பர் மாத நடுப்பகலில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 15 பாகை உயரம்தான் ஏறும். அதனால் நிழல்கள் நீளமாக, அழகாக விழும்.

கேமரன் மலை இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 4.5 பாகையில். இங்கே டிசம்பர் உச்சிவேளையில்கூட சூரியன் 62 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாவது வாரத்திலும் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் வந்துவிடும். அப்போது செடியின் நிழல் செடிக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்க. உச்சிவேளை என்றால் மதியம் 12 மணி அல்ல. தீபகற்ப மலேசியா 1982 முதல் உலக நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கும் கடிகாரத்தைப் பின்பற்றுகிறது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 1:15 மணிக்கு. பிளெண்டரில் உள்ள 'சன் பொசிஷன்' வசதியில் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, நேர மண்டலம் மூன்றையும் சரியாகக் கொடுத்தால் அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். கையால் வரைபவர்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லோருக்கும் பிடித்த அந்தப் 'பொன் வெளிச்சம்'? இந்தப் பகுதியில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக எழுவதால், ஒரு மணி நேரத்துக்குள் 15 பாகை வரை ஏறிவிடும். அது போதாதென்று, பள்ளத்தாக்கில் இருப்பவருக்குக் கிழக்கே மலை மறைக்கும். சூரியன் அந்த முகட்டைத் தாண்டி வருவதற்குள் சிவப்பெல்லாம் வடிந்து, வெளிச்சம் வெளுக்கத் தொடங்கியிருக்கும். ஆக, தோட்டத்துக் காலைக்கு ஆரஞ்சு வண்ணத்தை அள்ளிப் பூசினால் தாத்தா நம்பமாட்டார்.

மூட்டம் நீலம் அல்ல

'தூரத்தில் இருப்பதை நீலமாக்கு' என்பது ஓவிய வகுப்பின் பழைய விதி. தெளிவான காற்றில் அது சரி. காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால் தூரத்து மலை நீலமாகத் தெரிகிறது. ஆனால் மூட்டம் என்பது நீர்த்துளிகள். அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும். அதனால் அது சாம்பல் கலந்த வெள்ளை.

அடர்த்தியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு மூட்டத்தில் 200 மீட்டருக்கு அப்பால் இருக்கும் செடியின் மாறுபாடு, அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம், பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 400 மீட்டரில் அது கால்வாசி. 600 மீட்டரில் அரைக்கால். பலர் செய்வது என்ன? லேயருக்கு லேயர் 10, 20, 30 சதவீதம் என்று வெள்ளையை ஏற்றிக்கொண்டே போவார்கள். படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். கண் அதை உடனே பிடித்துவிடும், காரணம் சொல்லத்தான் தெரியாது.

லட்சக்கணக்கான இலைகளை யார் வரைவது?

ஒரு ஹெக்டரில் பத்தாயிரம் அளவில் தேயிலைச் செடிகள் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான இலைகள். அத்தனையையும் தனித்தனியாகக் கணினி நினைவகத்தில் வைத்தால் மடிக்கணினி படுத்துவிடும். இதற்குத்தான் 'இன்ஸ்டன்சிங்'. ஐந்தாறு செடிகளை மட்டும் கவனமாகச் செய்துவிட்டு, மீதி எல்லா இடத்திலும் 'அதே செடி, இங்கே, இப்படித் திருப்பி' என்ற குறிப்பை மட்டும் வைப்பது.

இங்கேயும் ஒரு குழி இருக்கிறது. காட்டுக்குச் செய்வதுபோல உயரத்தை இஷ்டப்படி கூட்டிக் குறைத்தால் தேயிலைத் தோட்டம் புதர்க்காடாகிவிடும். கவ்வாத்து வெட்டி, கத்தரியாலும் இயந்திரத்தாலும் கொழுந்து எடுத்து எடுத்து, செடிகளின் தலை எல்லாம் ஒரே மட்டத்தில் மேசை போல இருக்கும். ஒழுங்கின்மை இருப்பது கீழே: முறுக்கிய தண்டுகள், ஆள் நடக்கும் இடைவெளி, வாய்க்கால், பெயர்க்க முடியாமல் விட்ட பாறை. மேலே ஒழுங்கு, கீழே குழப்பம் என்று வைத்தால் பாதி தோட்டம் வந்துவிடும்.

இலை ஒரு பச்சைக் காகிதம் அல்ல. முற்றிய தேயிலையின் மேற்பரப்பு பளபளக்கும், வானத்தின் வெள்ளையைப் பிடித்துக் காட்டும். இளங்கொழுந்து மெல்லியது. சூரியன் அதற்குப் பின்னால் இருந்தால் ஒளி ஊடுருவி மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். மென்பொருளில் ஊடுருவலுக்கென்று தனி அமைப்பு உண்டு. அதை விட்டுவிட்டால் இலை பிளாஸ்டிக் மாதிரிதான் இருக்கும்.

லயத்து வீட்டுக்குள் ஒரு ஜன்னல்

என்னைக் கேட்டால், மலையைவிடக் கஷ்டம் வீட்டுக்குள்தான். ஒரு வாசல், ஒரு சின்ன ஜன்னல், சிமெண்டுத் தரை. வெளியே இருந்து வரும் ஒளி தரையில் பட்டு, சுவரில் பட்டு, பாட்டியின் முகத்துக்கு வந்து சேர்கிறது. இப்படித் துள்ளித் துள்ளி வரும் ஒளியை ஒரே சமன்பாட்டில் எழுதிக் காட்டியவர் ஜிம் கஜியா, 1986-இல். இன்றைய 'பாத் டிரேசிங்' முறை அங்கிருந்து வருகிறது.

கணினி எண்ணற்ற ஒளிக்கதிர்களைத் தோராயமாக எறிந்து பார்க்கும். சின்ன ஜன்னலைக் கண்டுபிடிக்கும் கதிர்கள் குறைவு என்பதால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும். அந்தப் புள்ளிகளைப் பாதியாக்க நான்கு மடங்கு கதிர்கள் தேவை. பத்து நிமிடத்தில் முடிந்த படத்துக்கு நாற்பது நிமிடம். இன்னும் பாதியாக்கினால் இரண்டு மணி நாற்பது நிமிடம்! புள்ளிகளைத் துடைக்கும் 'டீநாய்சர்' இருக்கிறதே என்கிறீர்களா? இருக்கிறது. ஆனால் அது புள்ளிகளோடு சேர்த்துப் பாட்டியின் சேலை நெசவையும் துடைத்துவிடக்கூடும்.

கணினி இல்லாமலே இதைச் சாதித்த ஒருவரைப் பாருங்கள். கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த ஓவியர் இளையராஜா, 2021 ஜூனில் கொரோனாவால் காலமானவர். அவருடைய எண்ணெய் வண்ண ஓவியங்களில் வாசல் வெளிச்சம் ஒரு பெண்ணின் தோளில் விழும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நிழல் பக்கத்தில் கருப்பு இருக்காது. தரையிலிருந்து எதிரொளித்த பழுப்புச் சூடு இருக்கும்.

கைப்பேசிப் படத்தை நம்பலாமா?

பாதிதான். இன்றைய கைப்பேசிகள் பல வெளிச்ச அளவுகளில் எடுத்த படங்களை ஒன்றாக்கி, நிழலைத் தூக்கி, வானத்தை அடக்கிவிடுகின்றன. உங்கள் கண் பார்த்த இருட்டு அதில் இருக்காது. அதே இடத்தில் நின்று ஒரு சின்னத் தாளில் பென்சிலால் மூன்றே அழுத்தங்களில் குறித்துக்கொள்வது நல்லது.

அப்படியே பிளாஸ்டிக் கூரைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். கோலா தெர்லாவைச் சுற்றியுள்ள காய்கறித் தோட்டங்களின் கூரைகளைப் பலர் அழகுக்காக அழித்துவிடுகிறார்கள். ஆனால் மேகமூட்டமான மதியத்தில் பள்ளத்தாக்கிலேயே மிகப் பிரகாசமான பரப்பு அவைதான். இரவில் இன்னும் வேடிக்கை. சாமந்தி சீக்கிரம் பூத்துவிடக் கூடாதென்று இந்த மலைப்பகுதியின் பூத்தோட்டங்களில் விளக்கு எரியவிடுவார்கள். மூட்டம் இறங்கினால் அது கீழிருந்து ஒளிரும். எந்தப் பாடக் காணொளியிலும் இது இருக்காது.

வரைந்து முடித்ததும் படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றித் தாத்தாவிடம் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீங்க. "இது எத்தனை மணி தாத்தா?" என்று கேளுங்கள். "காலைல எட்டு, எட்டரை இருக்கும். கொழுந்தெடுக்கப் போயிருப்பாங்க" என்றால் வண்ணத்துக்குப் போகலாம். யோசித்தார் என்றால், முதலில் சூரியனை நகர்த்துங்கள்.