மேன்லி படகு

விடுமுறை வந்தால் புளிச்சோறு கட்டிக்கொண்டு சிட்னி சர்க்குலர் கீயில் மேன்லி படகு ஏறுவோம். அரை மணி நேரப் பயணம். துறைமுக வாயருகே பெருங்கடல் அலை படகைத் தூக்கிப்போடும். அம்மா முருகனைக் கூப்பிடுவார்.

படகேறி மேன்லி கடற்கரைக்குப் போகும் இந்தப் பழக்கம் 1850களில் தொடங்கியது. ஹென்றி கில்பர்ட் ஸ்மித் என்ற வணிகர் அங்கே நிலம் வாங்கி, படகுத்துறை கட்டி, நகரத்தாரைக் கடல்காற்று வாங்க அழைத்தார். துறையிலிருந்து கடற்கரைக்குப் போகும் தெருவுக்கு ரோமாபுரி வீதியின் பெயரான கோர்சோவையே வைத்தார்.

ஆனால் அந்நாளில் பகலில் கடலில் குளிக்கத் தடை! 1902இல் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகைக்காரர் முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் பட்டப்பகலில் கடலில் இறங்கினார். அடுத்த ஆண்டே நகரசபை தடையை நீக்கியது.

இன்று அம்மா பகல் வெயிலில் முழங்காலளவு நீரில் சேலை நனைய நிற்கிறார். அதற்கு வழி திறந்தவர்களில் அந்தப் பிடிவாதக்காரரும் ஒருவர்.