அறிவியல் முதற்பதிப்புகளைச் சேகரித்தல்

ஐரோப்பாவில் அச்சுக்கலை பரவிய பதினைந்தாம் நூற்றாண்டு தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை வெளியான அறிவியல் நூல்களின் முதல் அச்சுப் படிகளைத் தேடிப் பெற்று, ஆராய்ந்து, பேணும் முயற்சி அறிவியல் முதற்பதிப்புச் சேகரிப்பு எனப்படும். ஒரு நூலுக்காக முதன்முறை கோக்கப்பட்ட அச்செழுத்துகளைக் கொண்டு அடிக்கப்பட்ட படிகள் அனைத்தும் அதன் முதற்பதிப்பைச் சேர்ந்தவை. எனினும், கையால் இயக்கிய அச்சுப்பொறியில் தாள்கள் அடிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே பிழை கண்ணில் பட்டால் பொறியை நிறுத்தி எழுத்தை மாற்றிய அச்சகத்தார், அதற்குமுன் அடித்த தாள்களையும் வீணாக்காமல் சேர்த்தே விற்றனர். நூல்களும் பெரும்பாலும் கட்டப்படாத தாள்களாகவே கைமாறின. வாங்கியவர் தம் வசதிக்கேற்பக் கட்டுவித்துக்கொண்டார். ஆதலால் ஒரே முதற்பதிப்பின் இரு படிகள்கூட முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இந்த வேறுபாடுகளைக் குறையாகக் கருதாமல் சான்றாகக் கருதத் தொடங்கியதே இச்சேகரிப்பின் வரலாற்றில் நிகழ்ந்த மிகப் பெரிய மாற்றமாகும்.

இன்று அரும்பொருளாகப் போற்றப்படும் இந்நூல்கள் வெளிவந்த காலத்தில் பயன்பாட்டுக்குரிய கருவிகளாகவே இருந்தன. 1482-இல் வெனிஸ் நகரில் எர்ஹார்ட் ராட்டோல்ட் அச்சிட்ட யூக்ளிடின் வடிவியல் நூல், வரைபடங்களைப் பக்க ஓரத்தில் அச்சிடும் முறையைக் கையாண்டு, பின்வந்த கணித நூல்களுக்கு முன்மாதிரியாயிற்று. 1543-ஆம் ஆண்டில் கோப்பர்நிக்கஸ் எழுதிய விண்கோளங்களின் சுழற்சி பற்றிய நூல் நூரம்பர்க் நகரிலும், வெசாலியஸ் எழுதிய மனித உடலமைப்பு நூல் பாசல் நகரிலும் வெளியாயின. 1687-இல் லண்டனில் வெளிவந்த நியூட்டனின் பிரின்சிப்பியா, ராயல் சொசைட்டி தன் பணத்தை மீன்களைப் பற்றிய ஒரு பெருநூலில் முடக்கிவிட்டிருந்த நிலையில், வானியலாளர் எட்மண்ட் ஹாலி தம் சொந்தச் செலவில் அச்சேற்றிய நூலாகும். அடுத்த நூற்றாண்டின் அறிஞர்கள் இவற்றின் முதற்பதிப்புகளைத் தேடவில்லை. திருத்தங்களுடன் 1713-இலும் 1726-இலும் வந்த பிரின்சிப்பியாவின் அடுத்த பதிப்புகளே அவர்களுக்குப் பயன்பட்டன, அது இயல்பானதும்கூட.

பழைய நூல்களின் மீது செல்வர்களுக்கு மோகம் பிறந்தபோதும் அறிவியல் நூல்கள் அதில் இடம்பெறவில்லை. 1812-இல் லண்டனில் ராக்ஸ்பரோ கோமகனின் நூலகம் ஏலத்துக்கு வந்தபோது, 1471-இல் அச்சான பொக்காச்சியோவின் கதைத் தொகுப்பு 2,260 பவுண்டுக்கு விலைபோய் ஐரோப்பாவையே வியக்க வைத்தது. அக்காலச் சேகரிப்பாளர்கள் நாடியவை இலக்கியமும் சமய நூல்களுமே. கணித, வானியல் நூல்களுக்குத் தனி மதிப்பு உண்டு என்று சந்தைக்குக் காட்டியவர்களுள் முதன்மையானவர் இத்தாலியக் கணிதவியலாளர் குல்யெல்மோ லிப்ரி. இத்தாலியின் கணித வரலாற்றை எழுதியவரும், 1841 முதல் பிரான்சின் பொது நூலகச் சுவடிகளைப் பட்டியலிடும் குழுவின் செயலாளராக இருந்தவருமான அவர், அந்நூலகங்களிலிருந்தே நூல்களையும் சுவடிகளையும் பெருமளவில் கவர்ந்தார். 1848-இல் லண்டனுக்குத் தப்பியோடினார். 1850-இல் பிரெஞ்சு நீதிமன்றம் அவர் வராத நிலையிலேயே பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஆயினும் 1861-இல் அவருடைய கணித நூல்கள் லண்டனில் ஏலம் விடப்பட்டபோது வெளியான பட்டியல், ஒவ்வொரு நூலும் அறிவியல் வளர்ச்சியில் பெற்ற இடத்தையும், அதில் யாருடைய கையெழுத்துக் குறிப்புகள் உள்ளன என்பதையும் விளக்கியது. இத்துறையின் தொடக்கப் புலமை ஒரு திருடரின் கையில் உருவானது என்பது வருந்தத்தக்க உண்மை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவர்களும் பொறியாளர்களும் இச்சேகரிப்பை முன்னெடுத்தனர். கனடாவில் பிறந்த மருத்துவப் பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர் தாம் திரட்டிய ஏறத்தாழ எட்டாயிரம் நூல்களை மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்துக்கு விட்டுச்சென்றார். அதன் விரிவான பட்டியல் அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின் 1929-இல் வெளியாயிற்று. சோதரன் என்னும் லண்டன் நூல் வணிக நிறுவனத்துக்காக ஹைன்ரிக் சைட்லிங்கர் தொகுத்து 1921-இல் வெளிவந்த வேதியியல், கணித நூல்களின் பட்டியல், 17,000-க்கும் மேற்பட்ட பதிவுகளுடன் விற்பனைக்காக உருவாகி ஆய்வுக்கருவியாக நிலைத்தது. வைட்டமின் ஈ-யைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஹெர்பர்ட் எவன்ஸ் 1934-இல் பெர்க்லியில் அறிவியலின் திருப்புமுனை நூல்களுக்கென ஒரு கண்காட்சி அமைத்தார். மின்பொறியாளர் பெர்ன் டிப்னர் 1955-இல் இருநூறு நூல்களையும், சேகரிப்பாளர் ஹாரிசன் ஹார்ப்லிட் 1964-இல் நூறு நூல்களையும் தேர்ந்து வெளியிட்ட பட்டியல்களும் எவன்ஸின் முயற்சியின் தொடர்ச்சியே. இவை சேகரிப்பாளருக்கு வழிகாட்டின என்றாலும், பட்டியலில் இடம்பெற்ற நூல்களின் விலையை ஏற்றியதோடு, மற்றவற்றைச் சந்தையின் நிழலில் தள்ளவும் செய்தன.

இந்தியாவில் அச்சான அறிவியல் முதற்பதிப்புகளும் உண்டு. மருத்துவர் கார்சியா த ஓர்த்தா இந்திய மூலிகைகளைப் பற்றிப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதி 1563-இல் கோவாவில் அச்சிட்ட உரையாடல் நூல், ஐரோப்பியர் தம் கண்டத்துக்கு வெளியே அச்சிட்ட மிகப் பழைய அறிவியல் நூல்களுள் ஒன்று. தாவரவியலாளர் ராபர்ட் வைட் சென்னையில் வெளியிட்டு 1853-இல் நிறைவு செய்த ஆறு தொகுதித் தாவரப் படநூலில், ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்களின் படங்களை ஆதாரமாகக் கொண்ட கல்லச்சுப் படங்கள் இரண்டாயிரத்துக்கு மேல் உள்ளன. கீழே விவரிக்கப்படும் வகையில் கோப்பர்நிக்கஸின் நூலுக்குக் கிடைத்த அளவு நுணுக்கமான கவனம் இத்தகைய நூல்களுக்கும் உரியது.

ஒவ்வொரு படியையும் தனி ஆவணமாகக் கொள்ளும் அணுகுமுறையை நிலைநாட்டியது, அமெரிக்க வானியல் வரலாற்றாளர் ஓவன் கிங்கெரிச் கோப்பர்நிக்கஸின் நூலுக்கு நடத்திய கணக்கெடுப்பு. அந்நூலை எவரும் படிக்கவில்லை என்று எழுத்தாளர் ஆர்தர் கோஸ்லர் 1959-இல் எழுதியிருந்தார். 1970-இல் எடின்பரோ வானாய்வகத்தில், கிராஃபர்ட் பிரபு 1888-இல் நன்கொடையாக அளித்த தொகுப்பிலிருந்த ஒரு முதற்பதிப்பைப் புரட்டிய கிங்கெரிச், அதன் ஓரங்கள் முழுவதும் பதினாறாம் நூற்றாண்டு வானியல் ஆசிரியர் எராஸ்மஸ் ரைன்ஹோல்டின் குறிப்புகள் நிறைந்திருப்பதைக் கண்டார். ஒரு படி இவ்வளவு கூர்மையாகப் படிக்கப்பட்டிருந்தால் மற்றவை எப்படி இருக்கும் என்னும் கேள்வியோடு அவர் மூன்று பதிற்றாண்டுகள் நூலகம் நூலகமாகச் சென்று, 1543-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் 1566-ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பிலும் சேர்த்து ஏறத்தாழ அறுநூறு படிகளை விவரித்து, 2002-இல் வெளியிட்டார்.

அக்கணக்கெடுப்பு காட்டிய செய்திகள் வேறு எவ்வகையிலும் கிடைத்திருக்க மாட்டா. ஆசிரியர் எழுதிய ஓரக்குறிப்புகளை மாணவர்கள் தம் படிகளில் பெயர்த்தெழுதியதால், யாரிடம் யார் வானியல் கற்றார் என்பதைக் குறிப்புகளின் வழியே தொடர முடிந்தது. வானியலாளர் டைக்கோ பிராஹி எழுதியவை என்று நம்பப்பட்ட சில குறிப்புகள், ஏதும் அச்சிடாமல் மறைந்த பால் விட்டிக் என்பவருடையவை எனத் தெளிந்தபோது, மறக்கப்பட்டிருந்த ஓர் அறிஞர் வரலாற்றுக்குத் திரும்பினார். 1616-இல் கத்தோலிக்கத் திருச்சபை கோப்பர்நிக்கஸின் நூலைத் திருத்தும்வரை நிறுத்திவைத்து, 1620-இல் நீக்க வேண்டிய பகுதிகளை அறிவித்தது. இத்தாலியில் இருந்த படிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் அவை மையால் அடிக்கப்பட்டிருக்க, பிற நாடுகளில் அந்த ஆணை பெரும்பாலும் பின்பற்றப்படவில்லை என்பதும் படிகளிலிருந்தே தெரிந்தது. இச்சான்றுகளின் மதிப்பை அறியாமல், பத்தொன்பதாம் நூற்றாண்டு வணிகர்களும் நூல் கட்டுநர்களும் பல நூல்களின் தாள்களை வேதிக்கரைசலில் கழுவி, ஓரங்களை வெட்டிச் சீராக்கி, புதிய தோலுறையில் கட்டினர். அழகுக்காக அவ்வாறு அழிக்கப்பட்ட குறிப்புகளைப் பெரும்பாலும் இனி மீட்க இயலாது.

பிரின்சிப்பியாவுக்கும் இதேபோன்ற ஆய்வு பயனளித்தது. 1953-இல் வெளியான கணக்கு அதன் முதற்பதிப்பில் இருநூறுக்கும் குறைவான படிகளையே அறிந்திருந்தது. மொர்தெகாய் ஃபைன்கோல்டும் ஆண்ட்ரே ஸ்வொரென்சிக்கும் 2020-இல் வெளியிட்ட கணக்கு 380-க்கும் மேற்பட்ட படிகளைக் கண்டு, அச்சிட்டவை அறுநூறுக்குக் குறையாது என மதிப்பிட்டது. நூலைச் சிலரே கண்டனர் என்னும் பழைய கருத்து இதனால் தளர்ந்தது.

விலை ஏற ஏறக் குற்றமும் வளர்ந்தது. 2008-இல் கோப்பர்நிக்கஸின் முதற்பதிப்பு ஒன்று 22 லட்சம் டாலருக்கும், 2016-இல் பிரின்சிப்பியா ஒன்று 37 லட்சம் டாலருக்கும் நியூயார்க் ஏலங்களில் விற்றன. 1610-இல் 550 படிகள் அச்சான கலிலியோவின் விண்மீன் தூது என்னும் நூலில், செதுக்குப் படங்கள் பதிக்கப்படாமலே வெளியான சில படிகளும் உண்டு. அவ்விடங்களில் கலிலியோவே நிலவை வரைந்ததாகத் தோன்றும் ஒரு படி 2005-இல் வெளிப்பட்டு, தேர்ந்த அறிஞர் குழுவால் உண்மையெனவும் ஏற்கப்பட்டது. அதிலிருந்த நூலக முத்திரை உண்மையான முத்திரைகளோடு பொருந்தவில்லை என்பது உள்ளிட்ட முரண்களைக் கொண்டு, அது இக்காலப் போலி என்று வரலாற்றாளர் நிக் வைல்டிங் 2012-இல் நிறுவினார். முன்னர் ஏற்ற குழுவினர் தாளையும் அச்சையும் மறுபடி சோதித்து, தம் முடிவு தவறானதை 2014-இல் நூலாகவே வெளியிட்டது போற்றத்தக்கது. 2017-இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு கிடங்கின் கூரையைத் துளைத்துக் களவாடப்பட்ட கலிலியோ, நியூட்டன் முதலியோரின் நூல்கள், 2020-இல் ருமேனியாவில் ஒரு வீட்டின் தரைக்கடியில் கண்டெடுக்கப்பட்டன.

இன்றைய நூலகங்கள் ஓரக்குறிப்பு, முன்னாள் உரிமையாளரின் கையொப்பம், பழைய கட்டு ஆகிய அனைத்தையும் பட்டியலில் பதிவு செய்கின்றன. பழுதுபார்ப்போர் தாளைக் கழுவுவதை இயன்றவரை தவிர்க்கின்றனர். சந்தையின் மதிப்பீடும் அதே திசையில் நகர்ந்திருப்பதை வெசாலியஸின் நூல் காட்டுகிறது. அதன் 1555-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பின் படி ஒன்றைக் கனடா மருத்துவர் ஒருவர் 2007-இல் வாங்கினார். அதிலிருந்த அடித்தல்களும் திருத்தங்களும், வெளிவராமலே போன மூன்றாம் பதிப்புக்காக வெசாலியஸ் தம் கையால் எழுதியவை என்று பின்னர் உறுதிப்பட்டது. 2024-இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்த அப்படியை, வெசாலியஸ் இளமையில் பயின்ற லூவன் நகரின் பல்கலைக்கழகம் 22 லட்சம் டாலருக்கு வாங்கித் தன் தொகுப்பில் சேர்த்தது.